மூன்றாம் படியில் தங்கமுத்து மாமி

கழுத்துவரை தண்ணீரில் அமர்ந்தபடி தங்கமுத்து மாமி ஒரு பெண்ணின் குதிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் படியிறங்கி, இடுப்பளவு நீரில் ஒரு முழுக்குப் போட்டு எழும்புவதற்குள் மாமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "குதி வெடிக்கேல்லை, நடையும் நேர். ஆனால் மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குது, ரீச்சர். தொய்வுக்காரி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

கீரிமலையில் பெண்கள் குளிக்கும் கேணியை மதில் கட்டி மறைத்திருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கும். இந்தப் பக்கம் கற்களுக்கிடையிலிருந்து நல்ல தண்ணீர் ஊறிவரும். தை மாதக் காலைகளில் கடற்காற்று பல்லைக் கிட்டவைக்க, ஊற்றுநீர் மட்டும் இளஞ்சூடாக இருக்கும். கீரிமுகத்தோடு வந்த முனிவர் ஒருவருக்கு இந்தத் தீர்த்தத்தில் முழுகியதால் மனிதமுகம் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது. மாமியின் வலது முழங்கால் முப்பது வருஷமாக முழுகியும் இன்னும் மடங்கவில்லை.

வாதம் பிடித்து வந்தவர், வாதத்தை மறந்து ஊறுவதில் இறங்கிவிட்டார். மூன்றாம் படியின் வடக்கு மூலை அவருடையது. அவர் உட்கார்ந்தால் கேணியில் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறும் என்பார்கள். விரல் நுனிகள் முந்திரிகை வத்தலாகச் சுருங்கினால்தான் எழும்புவார். தீர்த்தங்களைப் பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. "என்ரை மனுசன் செத்தாப்போலை காரியத்துக்கு என்னைத் திருக்கோணமலைக் கன்னியாய்க்குக் கொண்டு போனவை. வெந்நீர்க் கிணறு ஏழு. ஏழும் சட்டி மாதிரி. அள்ளி ஊத்தலாம், இருந்து ஊறேலாது. உதென்ன தீர்த்தம்?"

நான் தெல்லிப்பழையில் படிப்பிக்கிறவள். இடது தோள்மூட்டு இறுகி, மருந்துகள் கைவிட்ட பிறகு அங்கே ஊறப் போனேன். முதல்நாளே மாமி என்னை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரீச்சருக்கு இடத்தோள் பதிவு, கொஞ்சம் இறங்கிக் கிடக்கு. ஆரும் பொம்பிளை பாக்க வந்தால் வலப்பக்கத்தைக் காட்டி நில்லுங்கோ." எனக்கு வயது முப்பத்துநாலு, பார்க்க வருவாரில்லை. ஆனாலும் அன்றுமுதல் வகுப்பில்கூட வலப்பக்கத்தைக் காட்டித்தான் நிற்கிறேன்.

மாமி தரகு செய்பவரல்லர். சாதகம், சீதனம் எல்லாம் வெளியே ஆண்கள் பேசி முடிப்பார்கள். அதன்பிறகு மாப்பிள்ளையின் தாய் ஒரு சாட்டுச் சொல்லிப் பெண்ணையும் அவள் தாயையும் கீரிமலைக்குக் கூட்டிவருவாள். தானும் குளிப்பவள்போல நீந்திவந்து மூன்றாம் படியருகே மூச்சுவாங்குவாள். மாமி சொல்லிவிடுவார். "உடுத்தினால் எல்லாரும் லட்சுமிதான். நனைஞ்சால்தான் ஆள் தெரியும்." மூன்று கலியாணங்கள் அந்தப் படியில் நின்றுபோயின. அதில் ஒருத்திக்கு மேனியில் ஒரு பழுதுமில்லை. "சிரிக்கத் தெரியாது" என்ற ஒரு சொல்லோடு போயிற்று. எதையும் பூசிமெழுகிப் பேசமாட்டார் என்பதால் வலிகாமம் முழுவதும் அவரை நம்பியது.

போன தையில் மருதனார்மடத்து மகாதேவி வந்தார். அவருடைய மகன் மலாயாவில் ரயில்வே கிளார்க், லீவில் வந்திருந்தான். புத்தூர் இரத்தினம்மாவின் மகள் பராசக்தியைப் பேசியிருந்தார்கள். பொருத்தம் சரி, பெண்ணும் பெடியனும் எல்லார் முன்னிலையிலும் நாலு வார்த்தை பேசி, அதிலேயே இருவருக்கும் பிடித்தும் போயிற்று. மிச்சமிருந்தது மூன்றாம் படி மட்டுந்தான்.

பராசக்தி முழங்கைவரை கை வைத்த சட்டையோடு தண்ணீரில் இறங்கினாள். மார்புக்குமேல் குறுக்குக்கட்டுக் கட்டி நின்ற இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "சட்டையோடை குளிக்க இவவென்ன வெள்ளைக்காரக் கவண்மேந்து ஏசன்ரின்ரை பெண்சாதியோ?" என்றார் மாமி.

அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தாயின் கையை விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தாள்.

"நீங்கள்தானே தங்கமுத்து மாமி? என்னைப் பாக்கத்தானே இருக்கிறியள். வடிவாப் பாருங்கோ."

திரும்பி நின்று சட்டையின் பின்கழுத்தைத் தளர்த்தி இறக்கினாள். இடது தோளிலிருந்து இறங்கிய தழும்பு, உருகி வடிந்து இறுகிய மெழுகுபோல இருந்தது. ஆறு வயதில் நெல் அவித்த கிடாரம் அவள்மேல் சரிந்ததாம்.

"பெடியனுக்குத் தெரியுமோ?" என்றார் மாமி.

"தெரியாது. அம்மா சொல்ல விடுறாவில்லை. நீங்கள் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும்."

"சொன்னால் கலியாணம் நிண்டுபோம், பிள்ளை. அவரை உனக்குப் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சபடியால்தான் சொல்லச் சொல்லுறன். தெரிஞ்சுகொண்டு ஓமெண்டால் போறன். தெரியாமல் கூட்டிக்கொண்டு போய், மலாயாவிலை முதுகைக் கண்டு திருப்பி அனுப்பினால், நான் தனியவோ கப்பலேறி வாறது?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தாயிடம் திரும்பிப் போனாள். "விசர்ப் பெட்டை," என்று மாமி மெல்லச் சொன்னார்.

மகாதேவி கழுத்துக்கு மேல் எழும்பாமலே தண்ணீரில் நகர்ந்து வந்தார். "எப்பிடியக்கா?"

"முதுகிலை சுடுதண்ணித் தழும்பு. பெரிசு."

"அப்ப விடுவம். மறைச்செல்லே போட்டினம்."

"பெட்டை மறைக்கேல்லை. அவளே வந்து காட்டினவள். பெடியனுக்குச் சொல்லச் சொன்னவள்."

"பெடியனுக்கேன்? நான் வேண்டாமெண்டு முடிச்சுப்போட்டன்."

மாமி ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "மகாதேவி, இருபத்தேழு வருசத்துக்கு முன்னம் உன்ரை மாமியார் உந்த இடத்திலை நிண்டுதான் உன்னைப் பற்றிக் கேட்டவ. உன்ரை இடுப்பிலை கிடக்கிற கறுத்த மறு பிலாவிலையளவு. மடிச்சுக் கோலினால் கஞ்சி குடிக்கலாம். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? பிள்ளைக்கு ஒரு பழுதுமில்லையெண்டனான்."

மதில் சூழ்ந்த கேணியில் மெல்லச் சொன்னதே மூலைக்கு மூலை கேட்கும். மாமி மெல்லச் சொல்லவுமில்லை. இருபது பெண்களின் கண்ணும் மகாதேவியின் இடுப்புப் பக்கம் போயிற்று. மகாதேவி நாடிவரை அமிழ்ந்துபோனார்.

"பெடியனிட்டைச் சொல்லு," என்றார் மாமி. "அவன் வேண்டாமெண்டால் விடு."

மகாதேவி சொன்னார். இருபது பேர் கேட்டதை மறைத்து என்ன பலன் என்று நினைத்திருக்கலாம். மகன் தாய்க்குச் சொன்ன பதில் பிறகு எங்கள் ஊர்வரை வந்துவிட்டது: "லீவு முடிய அஞ்சு கிழமைதான் கிடக்கு. கெதியா நாளை வையுங்கோவன்." மாசியில் கலியாணம் முடிந்தது.

மாமிக்கு அழைப்பு வரவில்லை. மறுவை அம்பலமாக்கியதற்காக மகாதேவிக்குக் கோபம். தழும்பைச் சொன்னதற்காக இரத்தினம்மாவுக்குக் கோபம். அதைவிட மோசம், மாமி ஒருமுறை பொய் சொன்னவர் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. முப்பது வருஷத்துச் சாட்சியம் அத்தனையும் சந்தேகத்துக்குள் வந்தது. அவர் சொல்லால் வீட்டுக்கு வந்த மருமக்களை மாமியார்மார் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சோமசேகரம் மாஸ்ரர்கூட, இருபது வருஷம் குடும்பம் நடத்தின பிறகு, மனைவியின் நடையில் ஏதோ சரிவைக் கண்டுபிடித்து ஒரு வாரம் யோசனையோடு திரிந்தார். மூன்றாம் படிக்கு ஒருவரும் வரவில்லை.

"முப்பது வருசத்திலை ஒரேயொரு பொய், ரீச்சர்," என்றார் மாமி. "அதுகும் நல்ல பொய்."

ஒருநாள் கேளாமலே ஒரு பெண்ணைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுடைய தாய் மகளை இழுத்துக்கொண்டு எதிர்மூலைக்குப் போய்விட்டாள். மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகினார். நான் பயப்படுமளவுக்கு உள்ளேயே இருந்தார். எழும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீரென்றால் சாட்டுச் சொல்லியிருக்கலாம்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கையில் பராசக்தி வந்தாள். புதுச் சேலை முழங்கால்வரை நனைய, ஓலைப்பெட்டியை உயர்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"பயற்றம்பணியாரம், மாமி. கலியாண வீட்டுது. ஒருத்தரும் தந்திருக்க மாட்டினமெண்டு தெரியும். கையை நீட்டுங்கோ."

மாமி கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, வாயைத் திறந்தார்.