இரகசியம் வேண்டுவோர் கை தூக்கவும்

சென்ற செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, கிணற்றடியைக் கழுவி, தேநீர் வைத்தேன். ஒரு கோப்பைதான். மனைவி வீட்டில் இல்லை.

தேவகி எங்கள் பிரதேச சபையின் புதிய உறுப்பினர். பெண்களுக்கான பட்டியலில் கட்சி போட்ட பெயர். அன்று சபைத் தலைவரான தவிசாளரின் தெரிவு. முதல் நாளே கட்சி தன் உறுப்பினர்களைப் பாசிக்குடாவில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய், போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டது. கூட்டிப்போக வந்த அமைப்பாளர் சிரித்தபடிதான் சொன்னார்.

“பயப்படாதீங்க அண்ணன், அக்காவப் பத்திரமாக் கொண்டந்து விடுவம். சொன்ன ஆளுக்குக் கை தூக்கினாச் சரி. இல்லாட்டி கட்சியும் இல்ல, கதிரையும் இல்ல.”

சொன்ன ஆள் யார்? மணல் டிப்பர் முதலாளி. கூட்டணிப் பேச்சில் முடிவானவர். தேவகியோ பள்ளிக்கூட நேரத்தில் வாவிக்கரை வீதியில் டிப்பர் ஓட விடமாட்டேன் என்று வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டவள்.

கட்சி தாவுகிறவரின் பதவி போகவேண்டும் என்று இதே பத்திரிகைப் பத்தியில் எழுதியவன் நான். கட்சியே தாவினால்...?

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். தெரிவை நடத்த வந்த அதிகாரி முதலில் கேட்டார் – வாக்கெடுப்பு பகிரங்கமாகவா, இரகசியமாகவா? இரகசியம் வேண்டுவோர் கை தூக்குங்கள்.

எல்லோரும் பார்க்கக் கை தூக்கித்தான் இரகசியம் கேட்கவேண்டும்! ‘தூக்காதே’ என்று மனதுக்குள் மன்றாடினேன். கட்சிப் பக்கத்தில் ஒரேயொரு கை எழுந்தது. அமைப்பாளர் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

இரகசியம் தோற்றது. பெயர் கூப்பிட்டபோது தேவகி, “நடுநிலை” என்றாள். அவள் வாக்கு இல்லாமலே முதலாளி வென்றார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். வீடுவரை ஒரு டிப்பர் பின்னால் வந்தது. தன்பாட்டில் போகிற டிப்பராகவும் இருக்கலாம்.

பின்னேரம் அமைப்பாளர் தேவகிக்குப் போன் எடுத்தார். கட்சியிலிருந்து நீக்கும் கடிதம் வருமாம்.

“எப்ப வரும்?” என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார்.

“வாறவரைக்கும் நான் மெம்பர்தானே?” என்றாள் என்னிடம்.

“ஓம்” என்றேன்.

மறுநாள் காலை சபைக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், டிப்பர்களுக்கு நேரக் கட்டுப்பாடு கேட்கும் பிரேரணையைக் கொடுத்தாள். நான் வெளியே, மோட்டார் சைக்கிள் என்ஜினை நிறுத்தாமல் நின்றேன்.