மரமில்லாத இடத்தில் ஒரு போல்ட்

என் அப்பா சங்கிலிப்பாண்டி தரையில் நடக்கும்போதும் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைப்பார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கல்லூரிக் காலத்தில் நானும் அவரோடு கொஞ்சம் தள்ளித்தான் நடந்தேன். தீப்பெட்டி ஆலைக் கூரைகளில் முப்பது வருடம் பழுது பார்த்ததில் வந்த நடை அது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மரச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் வரிசையின் மேல்தான் கால் வைக்க வேண்டும். அடியில் மரம் தாங்கும். நான்கு விரல் தள்ளினால் வெறும் ஷீட்.

போன ஐப்பசியில் இடைசெவல் பக்கம் ஓர் ஆலையில் ஒழுகல். முழங்கால் வலியால் அப்பா கீழே நின்றுகொண்டார். கூட வேலை செய்யும் இசக்கிமுருகன் ஏறினார். நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன்.

"எங்கன மிதிக்க, மாமா?"

"போல்ட்டப் பாத்து நடலே."

"ஒம்மத் தாங்குன கூரை என்னையத் தாங்காதா" என்று சிரித்தவர், அடுத்த அடியில் ஷீட்டோடு உள்ளே விழுந்தார்.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் போன பின் ஆலைக்காரர் ஷீட் பழசு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் உடைந்த துண்டுகளைப் புரட்டி ஒரு போல்ட்டை எடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மரத்தைத் துளைத்து இறங்கும் போல்ட் ஒரு சாண் இருக்கும்.

"இது நான் போட்டதுட்டி" என்றார், மகள் என் காதில் மட்டும் விழும்படி.

ஏழு வருடம் முன்பு, மழை மிரட்டிய ஒரு நாளில், விரிசல் விட்ட ஷீட்டின் மேல் ஒரு துண்டை வைத்து, மரமே இல்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்து முடுக்கியிருக்கிறார். தார் பூசிவிட்டால் எல்லா போல்ட் தலையும் ஒன்றுபோலத்தான். தான் ஏறும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். காலுக்குத் தெரிந்தது, இசக்கிமுருகன் ஏறிய அன்று வாய்க்கு வரவில்லை.

கூரையில் தப்பே செய்யாதவர் என்றுதான் இத்தனை வருடமும் அவரை நினைத்திருந்தேன். அல்லது, அவர் வேலையை நான் கவனித்ததே இல்லையோ?

ஆறு மாதமாகிறது. இசக்கிமுருகன் கோல் பிடித்து எழுந்து நிற்கிறார், நடை வரவில்லை. நாங்கள் வாராவாரம் போய்ப் பார்க்கிறோம். சென்ற ஞாயிறு அவரே பேச்சை எடுத்தார்.

"சிரிப்புல நான்தான் போல்ட்ட விட்டுத் தள்ளி மிதிச்சிருப்பேன், மாமா. ஒம்ம மேல குத்தமில்ல."

அப்பா வாயைத் திறந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். வாரேன் என்று எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டதற்கு, "அடுத்த வாரம் சொல்லிருதேன்" என்றார். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் சொன்னார். அங்கே இசக்கிமுருகன் இன்னும் தன் காலையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.