லென்ஸ் விற்கிறவன் மூக்கில் ஏன் கண்ணாடி?

அடுத்தவர் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிட்டு, அவரிடமே நன்றியும் வாங்கிக்கொள்கிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வில்லியனூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன் நான். டாக்டர் இல்லை. பலமுறை சொல்லியும் ஊர் கேட்பதாக இல்லை. நானும் இப்போது ரொம்ப வற்புறுத்துவதில்லை. டீயைக் கிட்டே கொண்டுபோனால் உலகமே புகையாகிப் போகிற, ஹெல்மெட்டைக் கழற்றினால் கண்ணாடியும் கூடவே கழன்று விழுகிற என் சக துயரவாசிகளே, காண்டாக்ட் லென்ஸ் போட்டால் விடிவுகாலம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் உட்காருங்கள்.

நிபுணர்

முதலில் ஒரு உண்மை. மூன்று வருஷமாக லென்ஸ் விற்கிற நான், ஒரு நாளும் லென்ஸ் போட்டதில்லை. படிக்கிற காலத்தில் ஒருவர் கண்ணில் ஒருவர் போட்டுப் பழக வேண்டும். என் முறை வந்ததும் இமையை இறுக்கி மூடினேன் பாருங்கள், இரண்டு பேர் சேர்ந்தும் திறக்க முடியவில்லை. அப்புறம் மற்றவர்கள் கண்ணிலேயே பழகித் தேறிவிட்டேன். "நீங்க ஏன் சார் கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "கடையில கண்ணாடி, வெளியில லென்ஸ்" என்று கூசாமல் சொல்வேன்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும், சேர்ந்த அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நீ வெள்ளக் கோட்டு போட்டுக்கினு நில்லுபா, மிச்சத்த கோட்டு பாத்துக்கும்."

அரை மணி நேரப் பிரசங்கம்

கடலோரத்துப் பனித்திட்டிலிருந்து படகுக்காரர் ஒருவர் வந்தார். கடலில் உப்புத்தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கிவிடுகிறதாம், லென்ஸ் வேண்டுமாம். எனக்கு ஆள் கிடைத்தால் போதாதா? ஆரம்பித்துவிட்டேன். கெட்டி லென்ஸ் என்றால் பார்வை துல்லியம், ஆனால் பழகுகிற வரை மணல் விழுந்த மாதிரி உறுத்தும். மெது லென்ஸ் சீக்கிரம் பழகும். அதிலும் மாத லென்ஸ் என்றால் தினமும் கழற்றி, அதற்கென்று இருக்கிற மருந்துத் தண்ணீரில் கழுவி ஊறவைக்க வேண்டும். ஒருநாள் லென்ஸ் என்றால் போட்டுவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம். எதுவானாலும் தண்ணீர் படக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, கண் சிவந்தால் உடனே கழற்ற வேண்டும்.

"கடல் தண்ணி பட்டா கிருமி சேரும், உங்க வேலைக்கு இது ஆகாதுங்க." முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டியதை அரை மணி நேரம் கழித்துச் சொன்னேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடி விழாமல் கழுத்தில் மாட்டுகிற கயிறு ஒன்றை வாங்கிக்கொண்டு எழுந்தார். "ஏம்பா, அந்த லென்சு கண்ணக் காப்பாத்தற சாமானா, இல்ல கண்ணு இதுக்கு வாட்ச்மேனா?"

ஏழு பேரும் ஒரு விரலும்

பக்கத்து ஊர் உறுவையாற்றிலிருந்து வந்த சுகன்யா காலேஜில் படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். சனிக்கிழமை காலை அணித்தேர்வு, ஆட்டத்தில் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. "போன வருஷம் இதே கண்ணாலதான் சார் போச்சி. கோடு தெரியாம வெளியில கால வெச்சிட்டேன். இந்த வருஷமும் போச்சின்னா, வூட்ல ஆட்டமே வேணாம்னுடுவாங்க."

சோதித்தேன். கண்ணீர் நன்றாக ஊறுகிறது, கருவிழி வளைவு சரி, அலர்ஜி இல்லை. இடி பட்டால் கெட்டி லென்ஸ் தெறித்துவிடும். மண் தரையில் ஆடுகிறவளுக்கு ஒருநாள் லென்ஸ்தான் சரி. எல்லாப் பொருத்தமும் இருந்தது, இமையைத் தவிர. என் விரல் கிட்டே போனாலே பட்டென்று மூடிக்கொள்ளும். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் இதே கதை. எரிச்சலில் அவள் பரிசோதனைக் கார்டில் 'லென்ஸ் பொருந்தாது' என்று எழுதிவிட்டேன். அதை எட்டிப் பார்த்தவள் முகம் சுருங்கியது. "நாளைக்கு ஒருதபா பாத்துடலாம் சார். ஏழு பேரு சுத்தி அமுக்க வந்தாகூட பயமில்ல, உங்க ஒத்த வெரல பாத்தாதான் ஒதறுது."

வஞ்சிரம்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவார். அன்றைக்கு வஞ்சிரம் மீன் குழம்பு. பிசைந்து பிசைந்து ஒரு பிடி பிடித்துவிட்டுக் கை கழுவி வந்தால், சுகன்யா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "சார், நீங்க உங்க கண்ணுல ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க. பாத்துக்கினா எனக்கு தகிரியம் வந்துடும்" என்றாள். பாய் கல்லாவிலிருந்து என்னையே பார்க்கிறார். கோட்டு வேறு போட்டிருக்கிறேன். என்ன செய்ய?

"முதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவணும்" என்று பாடம் நடத்திக்கொண்டே இன்னொரு முறை கழுவினேன். லென்ஸை விரல் நுனியில் ஏந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். ஐயோ! எவ்வளவு சோப்பு போட்டாலும் மிளகாய்க் காரம் விரலை விட்டுப் போகாது என்பது அப்போதுதான் உறைத்தது. "அய்யய்யோ, எரியுதே! நான் இத போட்டதே இல்லம்மா, சத்தியமா போட்டதே இல்ல!" என்று மூன்று வருஷப் பொய்யைக் கடை முழுக்கக் கொட்டிக்கொண்டே குதித்தேன். பாய் லென்ஸை எடுத்து எறிந்துவிட்டு என் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சுகன்யா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, தானே ஒரு லென்ஸை வைத்துவிட்டாள். அடுத்ததையும் வைத்தாள். பயிற்சியிலிருந்து நேராக வந்திருந்ததால் பாவம், இன்னும் சாப்பிடவில்லை, விரலில் காரமும் இல்லை. பாய் என் முதுகைத் தட்டினார். "போட வேண்டியவ கையில குடுக்காம, மூணு நாளா இன்னாபா நீயே குத்திக்கினு இருந்த?"

கார்டு

சனிக்கிழமை முழுக்கச் சிவந்த கண்ணோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தாள், முட்டியெல்லாம் சிராய்ப்பு. என்ன ஆயிற்று என்று கேட்கவே பயமாக இருந்தது. "டீம்ல எடுத்துட்டாங்க சார்!" என்றாள். அவசரமாகப் பழைய கார்டை எடுத்து, எழுதினதை அடிக்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "இருக்கட்டும் சார், பேர மட்டும் மாத்தி உங்க பேர எழுதிக்குங்க."

இப்போதெல்லாம் லென்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பவர் எவ்வளவு என்று அல்ல, மதியம் இன்னா குழம்பு என்றுதான்.