மூலைத்தூணுக்குப் பூசிய சிமெண்ட்

என் மச்சானுக்கு மூலைமட்டம் என்று பட்டப்பெயர். மரவேலைக்காரர். அடுத்தவர் வேலை ஒரு நூல் பிசகியிருந்தாலும் கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவார். நான் கொத்தனார்; அவர் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு அந்த வாயை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஆனால் பழைய மரவீடுகளைச் செப்பனிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் வீடு நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. மரத்தூணும் உத்தரமும்தான் வீட்டைத் தாங்குகின்றன. இடைவெளிகளை மண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். மூட்டுவலியால் மாடி ஏற முடியாமல், கீழே பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டச் சொன்னார் டீச்சர். சுவரைத் திறந்தோம். மூலைத்தூணின் அடி தவிடாகக் கொட்டியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த அடியில் சிமெண்ட் பூசியது நாங்கள்தான். சுண்ணாம்பு காய நாளாகும், அடுத்த வேலை காத்திருக்கிறது என்று மச்சான் அவசரப்படுத்தினார். நான் குழைத்துப் பூசினேன். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்றுவிட்டது.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். சுவரோரம், இறந்துபோன அவர் கணவர் வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடிகள் வரிசையாக நின்றன.

"நான் தினம் தண்ணி ஊத்தினதுதான் காரணமோ?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் தூணைப் பார்த்தார்.

"இருக்கலாம் டீச்சர்," என்றார் மச்சான்.

இல்லையென்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் போனபோது ஒரு செடிகூட இல்லை. அந்த மூட்டுவலியோடு குனிந்து அவரே பிடுங்கியிருந்தார். கையெல்லாம் முள் கீறல்.

மச்சான் வேலையில் இறங்கினார். அழுகியதை அறுத்தெடுத்து, புது மரத்தைப் பழையதோடு கோத்து முளையடித்தார். நான் பூசிய சுண்ணாம்பில் அவர் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அறை எழுந்தது. "கை சுத்தமான ஆளுங்க" என்று டீச்சர் பக்கத்து வீட்டாரிடம் எங்களைக் காட்டியபோது, நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசி நாள் சாவியைக் கொடுக்கும்போது மச்சான் சொல்லிவிட்டார்.

"தண்ணி இல்ல டீச்சர். நாங்க பூசின சிமெண்ட்டு. சுவரத் திறந்தப்பவே தெரியும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டியிருந்தால் தேவலை.

"தூண் போனா போகுது, அதான் மாத்திட்டீங்களே," என்றார். "அன்னைக்கே சொல்லியிருந்தா, அவர் வெச்ச செடிய என் கையாலயே பிடுங்கியிருக்க மாட்டேனே."