சலீம் சொன்ன ‘இரு’

சலீம் இறந்த செய்தி சலீமின் எண்ணிலிருந்தே வந்தது. ஆவடியில் இருக்கும் எங்கள் பேண்டும் அம்பத்தூரில் இருக்கும் பிரகாஷின் பேண்டும் சேர்ந்து, ஒரு பழைய சினிமாப் பாட்டை எங்கள் பாணியில் பதிவு செய்துகொண்டிருந்தோம். அதற்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை அவனைத்தான் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். சலீம் டைப் செய்கிறான் என்று காட்டியது. என்ன எகத்தாளம் வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். ‘நான் சலீம் தம்பி பேசறேன். அண்ணன் காலைல எழுந்திரிக்கல’ என்று வந்தது. பிரகாஷ் அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் பொம்மையைப் போட்டான். நானும் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

மேடையில் மட்டும் அவனைப் பார்த்தவர்களுக்கு அவன் எங்கள் டிரம்மர். குமணன்சாவடிக்காரர்களுக்கு அவன் பைக் சீட் தைப்பவன். தைத்து முடித்த சீட்டில் விரலால் ஒரு தாளம் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டான். “சவுண்டு நல்லா வந்தாத்தான் மாமே பஞ்சு நல்லா ஒக்காந்துகினு கீதுன்னு அர்த்தம்” என்பான். முழுப் பொய். ஆனால் வாடிக்கையாளர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், நானும் ஒரு முறை தலையாட்டியிருக்கிறேன்.

எங்கள் ஒத்திகை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே மெஷின் ஓடாது. முதல் நாளே சண்டை வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் சலீம் மட்டும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டான். நாங்கள் எல்லோரும் நிற்காமல் ஓடிப் போய் இடறினோம்.

“இன்னா மாமே, இங்க பாட்டு ஒரு மூச்சு நின்னுட்டுத்தானே வரும்? எங்க ஊட்டு கேசட்ல அப்படித்தான் கீது.”

“யோவ், ஒரிஜினல்ல அப்படி ஒண்ணுமே இல்லய்யா” என்று பிரகாஷ் செல்போனில் போட்டுக் காட்டினான். அவன் கீபோர்டு வாசிப்பவன், ஐடி வேலைக்காரன், எதிலும் ஒரிஜினல் பார்ப்பவன். பாட்டு நிற்காமல் ஓடியது. சலீமின் முகம் விழுந்துவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது கேட்டது. “அது டேப்பு அறுந்துபோச்சுடா, நீ கைக்கொழந்தையா இருக்கறப்போ. நான்தான் செல்லோடேப் வெச்சு ஒட்டினேன், அந்த எடத்துல மட்டும் சத்தம் வராது.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் சலீம் சொன்னான்: “அப்போ எங்கம்மாவும் இந்தப் பாட்டுக்கு மியூசிக் போட்டுகீறாங்க. அத யாரும் எடுக்கக் கூடாது.” பிரகாஷ் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒட்டுப் போட்ட இடம் எங்கள் பாட்டில் நின்றது.

அன்றே ஒரு மாதிரிப் பதிவு எடுத்தோம். “இது சும்மா அளவுக்குத்தான் மச்சான், அப்புறமா ஒழுங்கா அடிச்சித் தரேன்” என்று சொல்லிவிட்டு அடித்தான். அந்த மௌன இடத்தில் நாங்கள் பழக்கத்தில் முந்திவிடக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னான்: “இரு… இரு… வா.” டிரம்ஸுக்கு வைத்த மைக் அதையும் பிடித்துக்கொண்டது. ஒழுங்காக அடித்துத் தர அவன் வரவில்லை. அவனுடையதாக எங்களிடம் மிஞ்சியது அந்த மாதிரிப் பதிவு மட்டும்தான்.

மற்றவர்கள் அழுதுகொண்டே அந்தப் பதிவின் மேல் தங்கள் வாசிப்பைச் சேர்த்து முடித்தார்கள். கடைசிப் பல்லவி மட்டும் பாக்கி. அது நான் பாட வேண்டியது. நான் பாடாவிட்டால் பாட்டு இல்லை. பருத்திப்பட்டில் பிரகாஷின் ஃபிளாட்டில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன். இரு… இரு… வா. எனக்கு வாய் திறக்கவில்லை. நாங்கள் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவன் காதுக்குள் ‘வா’ என்று கூப்பிட்டால் எப்படிப் பாடுவது? எனக்குப் பயமாக இருந்தது. அழுகை இல்லை, பயம்தான்.

“அவன் குரல எடுத்துடவா?” என்றான் பிரகாஷ். எடுத்தான். வெறும் மௌனம் வந்தது. அதில் எங்கே நுழைவது என்றே தெரியாமல் தப்பான இடத்தில் ஏறினேன். பிரகாஷ் குரலைத் திரும்ப வைத்தான். அவனுக்கும் பயம்தான், ஹெட்போனைக் காதில் வைக்காமல் கழுத்தில் போட்டிருந்தான்.

இதற்கிடையில் சலீமின் அம்மா கூப்பிட்டனுப்பினார்கள். மகன் கடைசியாக அடித்ததைக் கேட்க வேண்டுமாம். கரையான்சாவடி வீட்டில் பிரகாஷ்தான் அவர்களுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டான். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். “இங்கதான் அறுந்துச்சு” என்றார்கள். அடுத்த நொடி, அவன் ‘இரு’ என்றதற்கு, ஹெட்போன் போட்டவர்கள் பேசுவதுபோல் சத்தமாக, “கீறேன்டா” என்றார்கள். உள் அறையில் இருந்த சலீமின் தம்பி ஓடி வந்துவிட்டான்.

பிறகு ஹெட்போனைச் சட்டென்று கழற்றி மடியில் வைத்தார்கள்.

“இருன்னு சொல்றான், அது இருக்கட்டும்பா. அந்த ‘வா’ மட்டும் வேணாம். எடுத்துடுங்க. அவன் ஒருத்தன் போனது போதும்.”

அந்த வாரமே பிரகாஷ் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினான். இரு… இரு… என்று கேட்டது, அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நானாக ஏறிக்கொண்டேன். அரைத் தாளம் பிந்திவிட்டேன். ஒரிஜினல் பார்க்கும் பிரகாஷ் அதை அப்படியே விட்டுவிட்டான். பாட்டைக் கேட்கப்போகும் நண்பர்களே, அங்கே நான் தடுமாறுவதாக உங்களுக்குத் தோன்றினால் அப்படியே தோன்றட்டும்.

அவன் டிரம்ஸ் குச்சிகள் தம்பியிடம் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ‘இரு’ ஒன்றைத்தான். குமணன்சாவடி டீக்கடையில் அந்தப் பழைய பாட்டு எப்போதாவது ஓடுகிறது. இரண்டாவது சரணம் முடிகிறது. பாட்டு நிற்காமல் போய்விடுகிறது. நான் டம்ளரோடு நின்றுவிடுகிறேன். இரு என்கிறான்.

இருக்கிறேன், சலீம்.