வெந்தயக் கலரில் ஒரு ஈ

தி. நகரில் எங்களுடையது மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுவந்து நீட்டினால், அதற்குச் சேர்கிற ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அதை நான்தான் செய்தேன். ஒரு தடவை பார்த்த கலர் என் கண்ணை விட்டுப் போகாது. புடவையை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்களுக்குக்கூட, போன வாரம் பார்த்ததை வைத்தே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வருடம் என் வீட்டுக்காரர் கடைக்குப் புது விளக்குகள் போட்டார். கல்யாண மண்டபம் தோற்றது, அப்படி ஒரு பளபளப்பு. அந்த மாதமே மூன்று துணிகள் கலர் சேரவில்லை என்று திரும்பி வந்தன. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "வயசாகுதுல்லா, கண்ணு முன்ன மாதிரியே இருக்குமா? நீ இனிமே கல்லாவுல உக்காரு" என்று தன்மையாகச் சொன்னார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கடுப்போடுதான் ஊட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். லீவு நாளில் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பது அவனுக்கு ஒரு கிறுக்கு. புழு கிடையாது, வலை வீசுவது கிடையாது. தூண்டில் முள்ளில் நூலையும் கோழி இறகையும் சுற்றி ஈ மாதிரி கட்டி, கயிற்றை முன்னும் பின்னும் வீசித் தண்ணீரில் விழவைக்க வேண்டும். மீன் அதை நிஜ ஈ என்று நம்ப வேண்டும். அன்றைக்கு ஒன்றும் நம்பவில்லை. கிட்டே வந்து பார்ப்பதும் திரும்பிப் போவதுமாகவே இருந்தது. "உன் கடைக்கு வர்ற கஸ்டமர் மாதிரிதான்க்கா. பிடிக்கலேன்னா நிக்காது" என்றான்.

அவன் கட்டிய ஈயைப் பார்த்தேன். தண்ணீரில் மிதந்து வந்த நிஜ ஈயையும் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இவனுடையது காப்பிப்பொடிக் கலர், ஆற்றில் இருந்ததோ வெந்தயக் கலர். எந்த மீன் ஏமாறும்? சொன்னால், இரண்டும் பிரவுன்தானே என்கிறான். இந்த ஆம்பிளைகளுக்கு உலகத்தில் மொத்தமே ஏழு கலர்தான்.

சென்னை திரும்பியதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஈ கட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கடையில ஈ ஓட்டுறது பத்தாதுன்னு மலையேறிப் போயி வேற ஓட்டணுமாக்கும்" என்றார். கடையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். வெந்தயக் கலர் பட்டுநூலில் ஒன்று கட்டி, பழைய வழக்கப்படி தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். புது விளக்கில் வெந்தயமாகத் தெரிந்தது வெயிலில் வேறு கலராக இருந்தது. அந்த மூன்று துணிகள் ஏன் திரும்பி வந்தன என்று அப்போதே புரிந்துவிட்டது. கூட்ட நேரத்தில் துணியை வெளியே கொண்டுபோய்க் காட்ட வேண்டாம் என்று நிறுத்தியவரே என் வீட்டுக்காரர்தான்.

கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவர் லைனிங் துணியை வாளியில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த துணி ஒரு படி கறுத்திருந்தது. அட, இது எனக்குத் தெரியாதா என்ன! ஈயை அந்த வாளியில் முக்கினேன். அதுவும் காப்பிப்பொடியாகிவிட்டது.

"இன்னாக்கா, ஈய குளிப்பாட்டிக்கினு கீற?" என்றார் தையல்காரர்.

நாலைந்து நூல்களை அதே வாளியில் நனைத்து, நனைத்து வெயிலில் பார்த்தேன். கடைசியில் சந்தனக் கலர்தான் சரியாக வந்தது. ஈரத்தில் அசல் வெந்தயம். வீசுவதை மொட்டை மாடியில் பழகினேன். கீழ்வீட்டு நைட்டி இரண்டு தடவை மாட்டியது.

அடுத்த தடவை தம்பி வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க வந்தார். முதல் வீச்சு புதரில் போய் மாட்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாவது, பாறைக்குப் பின்னால் நான் நினைத்த இடத்திலேயே விழுந்தது. ஒரு நிழல் மேலே வந்து நின்று பார்த்தது. திரும்பப் போகிறது என்றுதான் நினைத்தேன். லபக்கென்று கவ்வியது. தூண்டில் பிரம்பு வளைந்தது, தம்பி என்னென்னவோ கத்தினான். எப்படி இழுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கையில் வந்தபோது அதன் விலாவில் பன்னீர் ரோஸில் ஒரு பட்டை ஓடியது. அவ்வளவு சந்தோஷத்தை நான் சமீபத்தில் அனுபவித்ததில்லை. முள்ளை எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கரையில் போனும் கையுமாக நின்றார். படம் எடுக்க மறந்துவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சொன்னேன்: "என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு மீனுக்கே தெரியுது. திங்கக்கிழமையிலருந்து கல்லாவுல நீங்க உக்காருங்க."

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும், நான் ஒன்றும் சொல்லாமலேயே அவர் போய் உட்கார்ந்தார்.