பால்கதிர் சூப்

என் கணவருக்கு வாயில் வந்த புற்றுநோய்க்கு மதுரையில் அறுவை செய்தார்கள். இடது பக்கத் தாடையை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துக் கன்னத்தைத் தைத்தார்கள். பிறகு ஊரில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். எல்லாம் முடிந்து எங்கள் ஊர் கோம்பைக்குக் கூட்டி வந்தபோது சித்திரை வெயில் கொளுத்தியது. எங்கள் கிணற்றுத் தோட்டத்தில், வீட்டுத் தேவைக்கென்று கொழுந்தனார் வாரத்துக்கு ஒரு பாத்தியாக ஊன்றியிருந்த இனிப்புச் சோளத்தில் முதல் பாத்தி பால் பிடித்து நின்றது.

வந்த மறுநாளே என் கணவர் தம்பியுடன் தோட்டத்துக்குப் போய், துண்டு நிறைய கதிர் ஒடித்துக்கொண்டு வந்தார். பேச்சு குழறியது. எனக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அவிச்சுத் தா."

"எப்படிங்க கடிப்பீக?" என்று கேட்டுவிட்டேன்.

கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்ற மனிதர். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற கொழுந்தனார்தான், "அரைச்சு சூப்பு வச்சுக் குடுங்க மதினி. டவுன் கடையில விக்கிறாகள்ல, அந்த மாதிரி" என்றார்.

நான் சூப் வைத்ததே இல்லை. கதிரை நிறுத்திப் பிடித்துக் கத்தியால் சீவினேன். பால் மணிக்கட்டு வரை தெறித்தது. மணி உதிர்த்த சக்கையைச் சின்ன வெங்காயத்தோடு கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரிலேயே மணிகளை வேகவைத்து மிக்சியில் அரைத்தேன். சோளத்தின் தோல் எவ்வளவு அரைத்தாலும் மசியாது. அது தொண்டையில் ஒட்டினால் அவருக்கு இருமல் நிற்காது. சல்லடையில் வடித்து, வெள்ளைத் துணியில் மறுபடி வடித்தேன். வாய் முழுக்கப் புண், அதனால் மிளகு போடவில்லை. உப்பும் கொஞ்சம் வெண்ணெயும் மட்டும்.

கரண்டியால் குடித்தார். உதட்டோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உப்புப் போட்டியா?"

"போட்டேனே."

"தெரியலையே."

"இனிப்பாவது தெரியுதா?"

தலையை ஆட்டினார். "மண்ணாட்டம் இருக்கு." ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். "வெதுவெதுன்னு உள்ள போகுது. அது போதும்."

அடுப்படிக்கு வந்து சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்படி ஓர் இனிப்பு.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவரே கதிர் உரித்துக் கொடுப்பார். வேட்டியெல்லாம் சோள நார் ஒட்டியிருக்கும். கொஞ்சம் தேறுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வைகாசி கடைசியில் ஒரு காலை, குடித்த சூப் மூக்கு வழியாக வந்தது. மதுரைக்கு ஓடினோம். டாக்டர் கொழுந்தனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவரால் முகத்தை மறைக்க முடியவில்லை.

"என்ன சொன்னாக?" என்றேன்.

"திரும்ப வந்திருச்சாம் மதினி. இனி கத்தி வைக்க முடியாதுன்னு சொல்லிட்டாக."

பக்கத்து பெஞ்சிலிருந்த அவருக்கும் கேட்டது. எழுந்து, "வீட்டுக்குப் போவம்" என்றார்.

மூக்கில் குழாய் வைத்து அனுப்பினார்கள். தண்ணீராக இருந்தால் சூப்பும் ஊற்றலாம் என்றார் நர்ஸ். தோட்டத்தில் கடைசிப் பாத்திக் கதிர்களும் முற்றிக்கொண்டிருந்தன. இளசாகத் தேடிப் பொறுக்கி வருவேன். குழாயில் ஊற்றும்போது, என்ன இது என்று கண்ணால் கேட்பார்.

"சோளம்ங்க" என்பேன்.

சரி என்று இமையை மூடுவார்.

ஆடி பிறப்பதற்கு முன் ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். நின்ற கதிர்களை யாரும் ஒடிக்கவில்லை. மயில்கள் கொத்தித் தின்றன. கருமாதி முடிந்து, அடுத்து என்ன ஊன்றலாம் என்று கொழுந்தனார் கேட்டார்.

"எது வேணாலும் போடுங்க. சோளம் மட்டும் வேண்டாம்" என்றேன்.

அவர் தக்காளி நட்டார்.